யப்பானியக் கோடையிற் சுகம் விசாரித்தல்

யப்பானுக்குப் படிக்கவோ தொழில் பார்க்கவோ புறப்படும் பிள்ளையின் பெட்டியைத் தாய் அடுக்கும்போது முதலில் இடம்பெறுவது கம்பளிச் சட்டை. அடுத்தது கழுத்திற் சுற்றும் சால்வை, அதற்கடுத்தது காலுறை. பனியும் குளிருமே அந்நாட்டின் பெரும் இடர் என்று நம் குடும்பங்கள் எண்ணுகின்றன. கோடையைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. யாரேனும் நினைவூட்டினாலும், "வெயில் நமக்குப் புதிதா?" என்று பிள்ளையே சிரித்துவிடுவான். வன்னி வெயிலிலும் யாழ்ப்பாணத்துச் சித்திரை வெக்கையிலும் வளர்ந்தவனை வேறோர் ஊர் வெயில் என்ன செய்துவிடும் என்பது அவன் துணிவு. அத்துணிவு எவ்வளவு தூரம் தகும் என்பதனை இவ்வாரம் ஆராய விரும்புகிறோம்.

யப்பானியக் கோடை ஒரே முகத்துடன் வருவதன்று. முதலில் வருவது மழை. யூன் மாத முற்பகுதியில் தோக்கியோ, ஒசாக்கா முதலிய நகரங்களின் மீது முகில்கள் கவிந்து, யூலை நடுப்பகுதி வரையோ அதற்குச் சற்றுப் பின்னரோ விலகாது நிற்கும். இப்பருவத்தின் பெயரை எழுதும் இரண்டு எழுத்துகளுக்கும் 'பிளம் மழை' என்பது பொருள். ஊமே என்னும் புளிப்புக் கனி பழுக்கும் காலமும் அதுவே. வடக்கேயுள்ள ஹொக்கைடோத் தீவு மட்டும் பெரும்பாலும் இம்மழைக்குத் தப்பிவிடும். மற்றைய இடங்களில் துவைத்த துணி இரண்டு நாளாகியும் ஈரம் மாறாது. அலுமாரிக்குள் வைத்த தோற் சப்பாத்தில் வெண்பூஞ்சணம் படரும். மறுநாள் வெயில் எறிக்க வேண்டுமென்று வெள்ளைத் துணியில் மொட்டைத்தலைப் பொம்மை செய்து சன்னலிற் கட்டித் தொங்கவிடும் வழக்கம் சிறுவரிடையே உண்டு.

அவர்கள் கேட்ட வெயில் யூலைக் கடைசியில் வந்துவிடும். வந்தபின் எளிதிற் போகாது. பசிபிக் சமுத்திரத்தின் மேல் நிலைகொள்ளும் உயரமுக்கம் ஈரமும் சூடும் நிறைந்த காற்றைத் தெற்கிலிருந்து தள்ளிக்கொண்டேயிருக்கும். யமகத்தா நகரில் 1933 இல் பதிவான 40.8 பாகை செல்சியஸ், 74 ஆண்டுகளாக அந்நாட்டின் உச்ச வெப்பநிலையாக நின்றது. 2007 இல் அது முறியடிக்கப்பட்டது. அதன்பின் உச்சங்கள் ஒன்றையொன்று துரத்தலாயின. 2018 இல் குமகாயா நகரில் 41.1 பாகையும், 2025 ஓகஸ்ட் 5 ஆம் திகதி இசெசாக்கி நகரில் 41.8 பாகையும் பதிவாயின.

அந்நாட்டு வானிலை நிலையத்தார் வெப்பத்திற்கு ஏற்ப நாள்களுக்குப் பெயர் சூட்டியுள்ளனர். 25 பாகையை எட்டினால் கோடை நாள். 30 ஐ எட்டினால் முழுக்கோடை நாள். 35 ஐ எட்டினால் கடுவெப்ப நாள். கடைசிப் பெயர் 2007 இலேதான் சேர்க்கப்பட்டது. இவற்றோடு இரவுக்கும் ஒரு பெயர் உண்டு. வெப்பநிலை 25 பாகைக்குக் கீழே இறங்காத இரவை அவர்கள் 'வெப்பமண்டல இரவு' என்பர். இலங்கையின் கரையோர ஊர்களில் அத்தகைய இரவுகள் வருடத்திற் பல. ஆகவே அச்சொல்லைக் கேட்கும் நம்மவருக்கு முதலிற் சிரிப்பே வரும். நம் வீட்டு இரவைக் கண்டா இவர்கள் அஞ்சுகிறார்கள் என்று தோன்றும். அச்சிரிப்பு ஒரு கிழமைக்கு மேல் நிலைப்பதில்லை. காரணத்தைப் பார்ப்போம்.

நம் உடல் வெப்பத்தை வெளியேற்றும் தலையாய வழி வியர்வை. வியர்த்தலினால் மட்டும் உடல் குளிர்வதில்லை. வியர்வை உலரும்போதுதான் குளிர்கிறது. காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் வியர்வை உலராது. வழிந்து நிலத்திற் சொட்டும். உடல் நீரையும் உப்பையும் இழக்கும். பதிலுக்குக் குளிர்ச்சியைப் பெறாது. மனித வியர்வையைப் பற்றி ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர் யாஸ் குனோ என்னும் யப்பானிய அறிஞர். 1956 இல் வெளிவந்த அவருடைய நூல் இத்துறையில் ஒரு மூலநூலாக மதிக்கப்படுகின்றது. தொழிற்படும் வியர்வைச் சுரப்பிகளின் எண்ணிக்கை குழந்தையின் முதலிரண்டு ஆண்டுகளிலேயே நிலைபெற்றுவிடுகின்றதென்றும், வெப்பநாட்டில் வளர்ந்த குழந்தைக்கு அவை மிகுதியென்றும் அவர் கண்டார். இதனைக் கேட்டு நம் இளைஞர் மகிழலாம். ஆயின் சுரப்பிகள் எத்தனை இருந்தும், சுரந்த நீரை ஏற்றுக்கொள்ளாத காற்றின் நடுவே அவை என்ன செய்யும்?

நம் ஊரில் அக்காற்று இருக்கின்றது. சோளகம் வீசும் மாதங்களில் யாழ்ப்பாணத்துத் திண்ணையில் அமர்ந்தோர் வியர்வை உலர்வதை உணர்ந்திருப்பர். பனையும் வேம்பும் சூழ்ந்த வளவில் நிழலுக்குக் குறைவில்லை. நண்பகலில் வேலையை நிறுத்திவிட்டு மாலையிற் தொடரும் வழக்கமும் தோட்டக்காரரிடம் உண்டு. தோக்கியோவில் வாடகைக்குக் கிடைக்கும் சிற்றறையிலோ சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சீமெந்துச் சுவரே காட்சி தரும். பகலெல்லாம் சூடேறிய அச்சுவர் இரவெல்லாம் அச்சூட்டை வெளிவிடும். யூன் மாதக் கடைசியில் அங்கே சூரியன் 4 மணி 30 நிமிடத்துக்கு முன்னரே உதித்து மாலை 7 மணியளவிலே மறைவதால், பகல் பதினான்கரை மணி நேரம் நீள்கின்றது. விழித்தெழும் முன்னரே அறை கொதித்துவிடும். வேலைக்குச் செல்லும் மனிதன் நண்பகல் வெயிலுக்கு ஒதுங்கவும் முடியாது. புகையிரதம் குறித்த நிமிடத்திற் புறப்பட்டுவிடும்.

இன்னுமொன்றுண்டு. வெப்பத்துக்குப் பழகிய உடல் அப்பழக்கத்தை என்றென்றும் வைத்திருப்பதில்லை. சில கிழமைகள் குளிரில் வாழ்ந்தாலே அது குறையத் தொடங்கும். திரும்பப் பெறுவதற்கு ஒரு கிழமையோ இரண்டு கிழமையோ வேண்டும். யப்பானிற் பனிக்காலத்தைக் கழித்தெழுந்த நம் இளைஞன், தன் உடலை இன்னும் வன்னி மகனின் உடலென்றே எண்ணி முதல் வெயிலில் இறங்குகிறான். உடலோ அதனை மறந்துவிட்டது.

இக்கோடையை எதிர்கொண்ட அந்நியர்களின் கதை பழையது. கனடாவிற் பிறந்த அலெக்சாண்டர் கிராஃப்ட் ஷோ என்னும் பாதிரியார் 1886 இல் கருயிசாவா என்னும் மலையூரை அடைந்தார். ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்திலுள்ள அவ்விடத்தின் தண்மை அவரைக் கவர்ந்தது. 1888 இல் அங்கு ஒரு கோடை வாசத்தலம் அமைத்தார். மற்றைய வெள்ளையரும் அவரைப் பின்பற்றினர். நம் நாட்டில் ஆங்கிலேயர் நுவரெலியாவை நாடியது போன்றதே இது. வசதியுள்ள அந்நியன் கோடையை விட்டு விலகிச் செல்லும் வழி அது.

மற்றொரு வழியைக் காட்டியவர் லஃப்காடியோ ஹேர்ன். கிரேக்கத் தீவொன்றிற் பிறந்து, அமெரிக்காவின் நியூ ஒர்லியன்சிலும் மேற்கிந்தியத் தீவாகிய மார்த்தினீக்கிலும் வாழ்ந்து வெயிலை நன்கறிந்திருந்த அவர், 1890 இல் யப்பானை அடைந்தார். அங்கே மணம் முடித்து, 1896 இல் யப்பானியக் குடிமகனாகிக் கொய்சுமி யாகுமோ என்னும் பெயரை ஏற்றார். தோக்கியோவில் வாழ்ந்த காலத்தில், கோடை விடுமுறைகளை யாய்சு என்னும் கடற்கரை ஊரில், மீன் வணிகர் ஒருவரின் வீட்டு மேன்மாடியிற் கழித்தார். அவ்வூராரோடு பழகினார், கடலில் நீந்தினார். கோடை முழுவதும் காதைத் துளைக்கும் சில்வண்டுகளின் ஓசையை மற்றோர் இரைச்சலென்று தள்ளியபோது, அவர் அவற்றைப் பற்றி நீண்ட கட்டுரையொன்றே எழுதினார். கோடை இரவுகளில் ஆவிக் கதைகள் கூறும் மரபும் அந்நாட்டில் உண்டு. அச்சத்தால் உடல் சில்லிடுமாம். மனைவி கூறிய அத்தகைய பழங்கதைகளை ஹேர்ன் எழுதி 1904 இல் வெளியிட்ட நூல் இன்றும் வாசிக்கப்படுகிறது.

மலைக்குச் செல்லப் பணமில்லாத நம்மவர்க்கு ஹேர்னின் வழியே உரியது. அதாவது, அம்மக்கள் கோடையை எவ்வாறு கழிக்கின்றார்கள் என்பதைக் கண்டு கற்றல். கற்பதற்கு அங்கே நிறைய உண்டு.

வாசலில் நாணல் தட்டி தொங்கவிட்டு வெயிலை மறைப்பார்கள். காலையிலும் மாலையிலும் தெருவில் நீர் தெளிப்பார்கள். அந்நீர் ஆவியாகும்போது நிலத்தின் சூட்டையும் கொண்டு செல்லும். கூரையோரத்திற் கண்ணாடி மணியொன்று தொங்கும். இலேசான காற்றுக்கும் அது ஒலிக்கும். அம்மணி வீட்டைக் குளிர்விப்பதில்லை. காற்று வந்ததென்று காதுக்குச் சொல்லும், அவ்வளவே. ஆயினும் அதனைக் கேட்டவர் முகம் மலரும். வறுத்த பார்லியிற் காய்ச்சி ஆறவைத்த நீர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். யூலைக் கடைசியில் விலாங்கு மீனைச் சுட்டு உண்பதற்கென்றே ஒரு நாள் உண்டு. கோடையில் மெலியும் உடலுக்கு அது வலுவூட்டும் என்பது நெடுங்கால நம்பிக்கை. மழைப்பருவத்திற் பறித்த ஊமேக் கனியை உப்பிலிட்டு வைத்துக் கோடையிற் சோற்றுடன் உண்பர். நம் முன்னோர் உப்பிட்ட மோரும் பழஞ்சோற்றுத் தண்ணீரும் பருகியதற்குரிய காரணமே இதற்கும் உரியது. வியர்வையில் இழந்த உப்பு மீள வேண்டுமன்றோ?

யப்பானியக் கோடை நமக்களித்த கொடை ஒன்று நம் வீடுகளிலேயே இருக்கின்றது. அது நுளம்புத்திரி. உவெயாமா எயிச்சிரோ என்பவர் பைரீதிரம் என்னும் பூவின் தூளைக் கொண்டு 1890 இல் ஊதுபத்தி போன்ற நேர்குச்சி செய்தார். அது முக்கால் மணி நேரத்துக்குள் எரிந்து முடிந்தது. இரவெல்லாம் நுளம்பை விரட்ட அது போதவில்லை. சுருளாகச் செய்தால் நீளமும் கூடும், ஒடியவும் மாட்டாது என்று 1895 இல் யோசனை கூறியவர் அவருடைய மனைவி. பாம்பொன்று சுருண்டு கிடந்ததைக் கண்டு அவ்வெண்ணம் தோன்றிற்று என்பர். 1902 இல் அச்சுருள் விற்பனைக்கு வந்தது. இன்று நம் கட்டிலின் கீழே புகையும் திரி, ஓர் இல்லத்தரசியின் கூர்மதிக்குச் சான்றாகும்.

கோடைத் திருவிழாக்களையும் அந்நியர் விரும்பிப் பார்ப்பர். வாணவேடிக்கையும் பருத்தி உடையணிந்த பெண்களும் தெருநடனமும் கண்ணுக்கு விருந்து. ஆயின் அவற்றின் வேரைத் தேடினால் அச்சமும் துயரமும் தென்படும். கியோத்தோ நகரின் கியோன் விழா 869 ஆம் ஆண்டிற் கொள்ளைநோயைத் தணிக்கச் செய்யப்பட்ட வழிபாட்டிலிருந்து பிறந்தது. அன்று நாட்டின் மாகாணங்களைக் குறித்து 66 ஈட்டிகள் நிறுத்தப்பட்டன. இன்று அவற்றின் வழித்தோன்றலாகிய பெருந்தேர்கள் யூலையில் வீதியுலா வருகின்றன. வெக்கைக் காலத்து நோய்க்கு அஞ்சி அம்மனுக்குப் பொங்கலிட்ட நம் ஊரார் இவ்விழாவின் உட்பொருளை எளிதில் உணர்வர்.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஓபொன் வரும். புத்தரின் தலைமாணாக்கர் இருவருள் ஒருவராகிய மொக்கல்லானர், பசித்த பேயாய் வருந்திய தம் தாயை மீட்டதாகக் கூறும் கதையிலிருந்து எழுந்த விழா அது. இறந்த முன்னோர் அந்நாள்களில் இல்லம் திரும்புவதாக நம்பி, பெருநகர்களில் வாழ்வோரெல்லாம் பிறந்த ஊருக்குச் செல்வர். வெள்ளரிக்காய்க்கு நான்கு குச்சிக்கால் பூட்டிக் குதிரையாகவும், கத்தரிக்காய்க்குப் பூட்டி மாடாகவும் படைப்பர். முன்னோர் குதிரையேறி விரைந்து வரவேண்டும்; மாட்டின் மேலேறி மெல்லத் திரும்பவேண்டும் என்பது கருத்து. ஆடி அமாவாசையன்று கீரிமலையில் நீராடிப் பிதிர்க்கடன் செய்வோர்க்கு இவ்வன்பு அந்நியமானதன்று. இம்மாதத்திலேயே 1945 இல் ஹிரோஷிமாவிலும் நாகசாக்கியிலும் அணுகுண்டு வீழ்ந்த 6 ஆம், 9 ஆம் திகதிகளும், போர் முடிந்த 15 ஆம் திகதியும் அமைகின்றன. ஆகவே அந்நாட்டின் ஓகஸ்ட் மாதம் மறைந்தோரை நினைக்கும் மாதம். அதனை அறியாத அந்நியன், தன்னைச் சூழ்ந்தோர் திடீரென்று மௌனிப்பதன் காரணத்தை அறியமாட்டான்.

இவ்வளவு அழகிய வழக்கங்கள் இருந்தும், இன்றைய வெயிலுக்கு அவை போதவில்லை என்பதே வருந்தத்தக்க உண்மை. வெப்ப அதிர்ச்சியினால் 2018 இல் அந்நாட்டில் 1,500 க்கு மேற்பட்டோர் இறந்தனர். 2024 இல் அத்தொகை 2,000 ஐக் கடந்தது. இறந்தோருட் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர். அவர்களிற் பலர் வயலிலோ வீதியிலோ விழுந்தவரல்லர். தம் வீட்டினுள்ளேயே இறந்தவர். தோக்கியோவில் அவ்வாறு வீட்டினுள் இறந்தோருட் பெரும்பாலோரின் அறையிற் குளிரூட்டி இல்லை, அல்லது இருந்தும் அது இயங்கவில்லை. மின்கட்டணத்துக்கு அஞ்சியோர் சிலர், "எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?" என்று இருந்தோர் சிலர். தனியே வாழ்ந்தமையால் வந்து பார்க்க ஆளில்லாதோர் பலர்.

அரசினரும் வாளாவிருக்கவில்லை. வெப்ப எச்சரிக்கை முறை 2021 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. 2024 முதல் நூல்நிலையம், பொதுமண்டபம் முதலிய குளிரூட்டிய இடங்களைப் புகலிடங்களாகக் குறித்து, கொடிய வெப்ப நாள்களில் மக்களுக்குத் திறந்துவைக்கும் சட்டமும் உண்டு. 31 பாகையோ அதற்கு மேலோ உள்ள வெப்பத்தில் நெடுநேரம் வேலை வாங்குவோர், தொழிலாளர் மயங்கி விழாதவாறு ஏற்பாடு செய்தல் 2025 யூன் முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. 1915 இல் தொடங்கிய உயர்பாடசாலைப் பேஸ்போல் போட்டியிற்கூட, 2024 இல் முதல் மூன்று நாள்களின் ஆட்டங்கள் நண்பகலைத் தவிர்த்துக் காலையிலும் மாலையிலும் நடத்தப்பட்டன. 1964 இல் ஒலிம்பிக் விழாவை ஒக்டோபரில் நடத்திய அந்நாடு, 2021 கோடையில் அதனை நடத்தியபோது மரதன் ஓட்டத்தை வடக்கேயுள்ள சப்போரோவுக்கு மாற்ற நேர்ந்தது.

இங்கேதான் நம் பிள்ளைகளைப் பற்றிய கவலை எழுகின்றது. மாணவ அனுமதியிற் சென்றவர் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரமே தொழில் செய்யலாம். அச்சிறு வருவாயில் வாடகையும் கொடுத்து, வீட்டுக்கும் அனுப்ப எண்ணும் பிள்ளை எதனைக் குறைக்கும்? அறையிற் குளிரூட்டி இருந்தும் அதன் ஆளியைத் தொடாது. வெக்கையில் உறங்காது பாடசாலைக்குச் சென்று, பின்னர் களஞ்சியத்திற் சுமை தூக்கும். தலை சுற்றினாலும் வேலை போய்விடுமென்று வாய் திறவாது. தனிமை, சிக்கனம், துணிவு ஆகிய மூன்றும் சேரும்போது, அந்நாட்டு முதியவரைக் கொன்ற வெப்பம் நம் இளைஞனையும் அணுகக்கூடும்.

யப்பானிய வழக்கங்களுள் நம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது தட்டியுமன்று, மணியுமன்று. கோடையில் அவர்கள் உற்றார்க்கும் ஆசிரியர்க்கும் நண்பர்க்கும் 'ஷோச்சூ மிமாய்' என்னும் தபாலட்டை எழுதுவர். 'மிமாய்' என்பது நோயாளியையும் இடருற்றவரையும் சென்று சுகம் விசாரித்தலைக் குறிக்கும் சொல். வெப்பத்தை ஒரு பிணியாகவே கருதி, "இவ்வெயிலில் எப்படியிருக்கிறீர்கள்?" என்று விசாரிப்பது அவ்வட்டையின் நோக்கம். ஓகஸ்ட் 7 ஆம் திகதியளவிற் பழைய பஞ்சாங்கப்படி இலையுதிர்காலம் பிறந்துவிடும். அதன்பின் எழுதும் அட்டைக்கு 'எஞ்சிய வெப்பத்தில் நலம் விசாரித்தல்' என்று பெயர் மாறும். அட்டை எழுதுவோர் இக்காலத்திற் குறைந்துவிட்டனர். ஆயினும் மாடிப்படியிற் சந்திக்கும் அயலவர் "அட்சுயி தெசு நே", அதாவது "வெக்கையாயிருக்கிறது அல்லவா?" என்று கூறும் வழக்கம் குறையவில்லை. வெக்கை என்பது இருவர்க்கும் தெரிந்ததே. புதிதாய் வந்த அந்நியர் இதனை வெற்றுப் பேச்சென்று எண்ணித் தலையசைத்து நடந்துவிடுவர். நின்று மறுமொழி கூறுவோரை அயலவர் நினைவில் வைத்துக்கொள்வர். நினைவில் உள்ளவன் ஒரு நாள் வெளியே வரவில்லையென்றால் கதவைத் தட்டுவர்.

ஆகவே யப்பான் செல்லும் மாணவர்க்குச் சில சொற்கள். தாகம் எடுக்குமுன் குடியுங்கள். வியர்த்த நாளில் நீருடன் உப்பும் சேரட்டும். முதற் கோடை வெயிலில் முதல் இரு கிழமையும் உடலை மெல்லப் பழக்குங்கள். தலைசுற்றல், தசைப்பிடிப்பு, குமட்டல் தோன்றினால் வேலையை நிறுத்தி மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். சொல்வதற்கு வேண்டிய யப்பானியச் சொற்களை யூன் மாதத்திலேயே கற்று வையுங்கள். தோழன் ஒருவன் பேச்சுத் தடுமாறினாலோ மயங்கினாலோ, அவனைக் குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுசென்று கழுத்திலும் அக்குளிலும் குளிர்நீர்த் துணி வைத்து, 119 என்னும் எண்ணை அழையுங்கள். அங்கே அவசர வண்டிக்குக் கட்டணம் இல்லை. மயங்கியவன் வாயில் நீர் ஊற்றலாகாது. வெப்பம் கொடிதாகும் இரவில் குளிரூட்டியை இயக்கியே உறங்குங்கள். அதற்குச் செலவாகும் பணம் மருந்துச் செலவிலும் சிறிது.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. தொலைபேசியிற் பிள்ளையின் குரல் கேட்டதும் "சாப்பிட்டாயா?" என்று கேட்பது நம் தாய்மாரின் இயல்பு. யூலையிலும் ஓகஸ்டிலும் அதனோடு இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். "தண்ணீர் குடித்தாயா? இரவு குளிரூட்டி போட்டுத்தானே படுத்தாய்?" மின்கட்டணத்தைப் பற்றிப் பிள்ளை ஏதேனும் முணுமுணுத்தால், அம்மாதம் வீட்டுக்கு அனுப்பும் பணத்திற் குறைத்துக்கொள்ளும்படி நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். அனுமதி உங்கள் வாயிலிருந்து வந்தாலன்றி அப்பிள்ளை ஆளியைத் தொடாது.